பழமும் நட்ஸும் சேர்த்த கிரீமி சிக்கன் சாலட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலட் என்கிறார்கள், ஆனால் இலை தழை எதுவுமே இல்லையே?

இது அமெரிக்கப் பாணி சாலட். வேகவைத்து ஆறவைத்த கோழிக்கறியை மயோனைஸில் புரட்டி, திராட்சை அல்லது ஆப்பிள், கடித்தால் நறுக்கென்று உடையும் செலரி, வறுத்த வால்நட் அல்லது அதற்கு உறவான பீக்கன் பருப்பு சேர்த்துக் குளிரவைத்துச் சாப்பிடுவது. இலைக்கீரை இதில் அடியில் விரிக்கும் பாய் மாதிரி, அவ்வளவுதான். இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு சாலட்டும் உண்டு. 1890களில் நியூயார்க்கின் வால்டோர்ஃப் ஹோட்டலில் உணவுக்கூடப் பொறுப்பாளர் ஆஸ்கர் ட்ஷிர்க்கி பெயரோடு பரவிய வால்டோர்ஃப் சாலட்டில் முதலில் ஆப்பிள், செலரி, மயோனைஸ் மூன்றுதான் இருந்தன. வால்நட்டும் திராட்சையும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. அந்தக் கலவைக்குள் கோழிக்கறியைப் போட்டால் கிட்டத்தட்ட நாம் இங்கே பேசும் சாலட் வந்துவிடும்.

நாலு பேருக்கு என்னென்ன, எவ்வளவு?

எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி 500 கிராம் (வெந்தபின் 350 முதல் 375 கிராம் தேறும்), மயோனைஸ் 100 கிராம் (சுமார் 7 டேபிள்ஸ்பூன்), தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 50 கிராம், விதையில்லாத திராட்சை 150 கிராம், சின்ன ஆப்பிள் ஒன்று, செலரித் தண்டு இரண்டு, வால்நட் 50 கிராம், எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், கடுகு விழுது 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், புதிதாகப் பொடித்த மிளகு அரை டீஸ்பூன், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் அல்லது பார்ஸ்லி 2 டேபிள்ஸ்பூன்.

சாண்ட்விச்சுக்கு என்றால் இதே அளவில் ஆறு வரும். மனதில் நிறுத்த வேண்டிய விகிதம் ஒன்றுதான்: வெந்த கறி 100 கிராமுக்கு மயோனைஸும் தயிரும் சேர்த்து 40 கிராம். இதைத் தாண்டினால் கறி மயோனைஸில் மிதக்கும். குறைந்தால் தொண்டையில் அடைக்கும்.

நெஞ்சுக்கறிதான் வேண்டுமா? தொடைக்கறி, நாட்டுக்கோழி ஆகாதா?

தொடைக்கறி தாராளமாக ஆகும். சாறும் சுவையும் அதில்தான் அதிகம், கொஞ்சம் கூட வெந்தாலும் வறண்டு போகாது. ஒரே குறை, அதன் கொழுப்பு ஃப்ரிட்ஜில் உறைந்து நாக்கில் மெழுகுபோல் படியும். வெந்தபின் கொழுப்பையும் ஜவ்வையும் கையால் எடுத்துவிட்டால் சரியாகிவிடும். நெஞ்சும் தொடையும் பாதிப்பாதி போடுவது எங்கள் கணக்கில் முதல் தேர்வு.

நாட்டுக்கோழி வேண்டாம். குழம்புக்கு அதன் நார் அழகு. குளிரவைத்த சாலட்டில் அதே நார் ரப்பர்.

கடையில் வாங்கிய கிரில் சிக்கன் மிச்சமிருந்தால் தோலை உரித்து, மேல் மசாலாவை வழித்துவிட்டுப் பயன்படுத்தலாம். அதில் உப்பு ஏற்கெனவே இருக்கும், ஆகவே மேலே சொன்ன அரை டீஸ்பூனைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள். பொரித்த சிக்கன் சேராது. மாவு ஊறிக் கொழகொழக்கும்.

கறியை எப்படி வேகவைப்பது? ஒவ்வொரு முறையும் பஞ்சு மாதிரி வறண்டுவிடுகிறது.

தளதளவென்று கொதிக்கவிட்டால் அப்படித்தான் ஆகும். கோழி நெஞ்சுக்கு உள்ளே 74 டிகிரி செல்சியஸ் எட்டினால் போதும். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி. மேல்பக்கம் முறுகிச் சாற்றையெல்லாம் பிழிந்து வெளியே தள்ளிய பிறகுதான் நடுப்பக்கம் வேகும்.

செய்ய வேண்டியது இது. ஒன்றேகால் லிட்டர் பச்சைத் தண்ணீரில் 1 டேபிள்ஸ்பூன் கல்லுப்பு, அரை வெங்காயம், ஒரு பிரிஞ்சி இலை, ஆறேழு மிளகு போடுங்கள். செலரி வாங்கியிருந்தால் அதன் இலைகளையும் போடலாம். கறி 3 சென்டிமீட்டருக்கு மேல் தடிமனாக இருந்தால் குறுக்கே கத்தியை விட்டு இரண்டு தகடாகப் பிளந்துகொள்ளுங்கள். தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும்போதே கறியை இறக்கி, மிதமான தீயில் வையுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றிரண்டாக மேலே வரும், நடுப்பகுதி அசையாமல் ஆவி மட்டும் விடும். அந்த இடத்தில் தீயைச் சிறிதாக்கிவிடுங்கள். நுரையை எடுத்து, கறியைத் திருப்பிப் போட்டு, அதே நிலையில் 8 முதல் 10 நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து மூடி 10 நிமிடம்.

தெர்மாமீட்டர் இருந்தால் தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள், 74 வந்திருக்க வேண்டும். இல்லாதவர்கள் அந்த இடத்தையே வெட்டிப் பார்க்கலாம். உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் இளஞ்சிவப்பு இருந்தால் இன்னும் வேகவில்லை, திரும்பத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றுங்கள். சாறு தெளிவாக, நார் வெள்ளையாக இருந்தால் எடுத்துவிடலாம்.

குக்கரில் ஒரு விசில் விட்டால் ஆகாதா?

குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை நெருங்கும். நெஞ்சுக்கறி அதில் நார்நாராகப் பிரியும், ஒவ்வொரு நாரும் காய்ந்திருக்கும். மயோனைஸ் எவ்வளவு ஊற்றினாலும் அந்த வறட்சி மறையாது. எலும்போடு லெக் பீஸ் என்றால் ஒரு விசில் பரவாயில்லை.

மஞ்சள் போட்டுக் கழுவலாமா?

இந்தச் சாலட்டுக்கு வேண்டாம். கழுவிய மஞ்சள் கறியில் தங்கி மயோனைஸையும் மஞ்சளாக்கும், அதன் வாசனை திராட்சையோடு சண்டை போடும். குழாய்க்கு நேராகக் காட்டிக் கழுவுவதும் நல்லதல்ல. தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் பக்கத்தில் நறுக்கி வைத்த பழத்தின் மேல் போய் உட்காரும். கழுவியே தீர வேண்டும் என்பவர்கள் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அதற்குள் அலசி, தொட்டியைச் சோப்புப் போட்டுத் துடைத்துவிடுங்கள். பழம் நறுக்கும் பலகை தனியாகவே இருக்கட்டும்.

பிய்த்துப் போடுவதா, வெட்டிப் போடுவதா?

இரண்டிலும் ஒரு நியாயம் உண்டு. மெல்லிய நாராகப் பிய்த்தால் மயோனைஸை நன்றாக இழுத்துக்கொள்ளும், சாண்ட்விச்சில் நழுவாது. ஆனால் திராட்சையும் ஆப்பிளும் துண்டுதுண்டாக இருக்கும்போது கறி மட்டும் நூலாகக் கிடந்தால் ஒரு வாயில் எல்லாம் சேர்ந்து வராது. ஆகவே கைச்சூடு தாங்கும் வெதுவெதுப்பில் நாருக்கு இணையாகப் பெரிய பட்டைகளாகப் பிரித்து, பிறகு நாருக்குக் குறுக்கே ஒன்றரை சென்டிமீட்டர் துண்டாக வெட்டுங்கள். பிய்ந்த பக்கம் சொரசொரப்பாக இருந்து மயோனைஸைப் பிடிக்கும், வெட்டிய பக்கம் பல்லுக்கு எளிது. முழுக்க ஆறிய கறியைப் பிய்த்தால் உதிரும், சூடாக வெட்டினால் சாறு ஓடும். அந்த வெதுவெதுப்புதான் சரியான பதம்.

கலந்து ஒரு மணி நேரத்தில் அடியில் தண்ணீர் நிற்கிறது. ஏன்?

இதுதான் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. இந்தச் சாலட்டில் கெட்டுப்போகும் விஷயங்களில் முக்கால்வாசி தண்ணீரால்தான் கெடும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள்.

முதலாவது, கறி சூடாக இருந்தது. சூட்டில் மயோனைஸ் இளகி எண்ணெயும் தண்ணீருமாகப் பிரியும். கறியிலிருந்து கிளம்பும் ஆவி மூடிய டப்பாவில் நீர்த்துளியாகித் திரும்ப விழும். நறுக்கிய கறியைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து, சமையல் டிஷ்யூவால் ஒற்றி எடுத்தபின் கலக்குங்கள். தட்டில் தேங்கிய சாற்றைச் சாலட்டில் ஊற்றக் கூடாது.

இரண்டாவது, பழத்தை வெட்டி உடனே உப்புக் கலவையில் போட்டது. வெட்டிய முகத்தில் உப்பு பட்டால் பழம் தன் நீரை விட்டுக்கொடுக்கும். திராட்சையைக் கழுவி, காம்பு கிள்ளி, துணியில் உருட்டிக் காயவைத்து, நீளவாக்கில் இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி துணிமேல் பத்து நிமிடம் கவிழ்த்து வையுங்கள். துணியில் ஈர வட்டங்கள் வரிசையாகத் தெரியும். அந்த ஈரம் அத்தனையும் சாலட்டில் இறங்கியிருக்க வேண்டியது.

மூன்றாவது, தயிர். வடிக்காத தயிரைப் போட்டால் மோர் நிற்காமல் என்ன செய்யும்? மெல்லிய துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஒரு கிண்ணத்தின் மேல் நாலைந்து மணி நேரம் வடியவிடுங்கள். 100 கிராம் தயிரில் ஏறத்தாழ 50 கிராம் கெட்டியாக நிற்கும்.

ஏற்கெனவே தண்ணீர் விட்டுக்கொண்ட சாலட்டைக் காப்பாற்ற முடியும். வடிதட்டில் கொட்டி ஐந்து நிமிடம் வைத்து, ஒரு கைப்பிடி காய்ந்த கிரான்பெர்ரியோ உலர்திராட்சையோ சேர்த்து, ஒரு ஸ்பூன் புது மயோனைஸ் போட்டுப் புரட்டுங்கள். உலர்பழம் மீதி ஈரத்தைக் குடித்துத் தானும் மெத்தென்று ஆகும். இப்படி நேரும் என்று தெரிந்தால் முதலிலேயே திராட்சையில் பாதியைக் குறைத்து உலர்பழம் போடுவதும் ஒரு வழி.

எந்த மயோனைஸ் நல்லது?

பாஸ்சுரைஸ் செய்த (கிருமி சாகும் அளவுக்குச் சூடேற்றிய) முட்டை சேர்த்துத் தொழிற்சாலையில் தயாரித்த மயோனைஸ் இருந்தால் அதுவே முதல். நம் கடைகளில் அதிகம் கிடைப்பது சைவ மயோனைஸ். கெட்டியாகவே இருக்கும், ஆனால் பலவற்றில் சர்க்கரை தூக்கலாக இருக்கிறது. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு துளி நக்கிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தித்தித்தால் தேன், உலர்திராட்சை இரண்டையும் விட்டுவிட்டு எலுமிச்சையையும் கடுகு விழுதையும் கூட்டுங்கள். பூண்டு, தந்தூரி வாசனை போட்ட வகைகள் பழத்தோடு ஒத்துப்போகா.

வீட்டில் பச்சை முட்டையில் அடிப்பதைத் தவிருங்கள். சால்மொனெல்லா கிருமி வளர அதைவிட வசதியான இடம் இல்லை. பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததும் அதனால்தான்.

பாலில் செய்யலாம். காய்ச்சி நன்றாகக் குளிர்ந்த பால் 100 மி.லி., வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெய் 200 மி.லி., கடுகு விழுது 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் ஆகியவற்றை உயரமான ஒடுங்கிய பாத்திரத்தில் ஊற்றுங்கள். ஹேண்ட் பிளெண்டரை அடிவரை இறக்கி, அசைக்காமல் அரை நிமிடம் ஓட்டுங்கள். அடியிலிருந்து வெள்ளையாகக் கெட்டிப்படும்போது மெல்ல மேலே தூக்குங்கள். கெட்டியானதும் 2 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்து இன்னொரு சுற்று. மிக்ஸி என்றால் சின்ன ஜாரில் பாலைச் சுற்றவிட்டு எண்ணெயை நூல்போல் விட வேண்டும், அவசரப்பட்டுக் கொட்டினால் திரிந்ததுபோல் நிற்கும். ஆலிவ் எண்ணெய் பிளெண்டரில் கசப்பேறும். நல்லெண்ணெயையும் கடலை எண்ணெயையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, வேறு எதுவும் வாசனை வராது.

மயோனைஸே இல்லாமல் தயிரில் மட்டும்?

முடியும், ஆனால் அது வேறு சாலட். புளிப்பு முன்னால் நிற்கும், வழவழப்பு குறையும். பாதிக்குப் பாதி என்பது நல்ல சமரசம். முழுக்கத் தயிர் என்றால் ஒரு டீஸ்பூன் எண்ணெயும் கால் டீஸ்பூன் தேனும் அடித்துச் சேர்த்து, அன்றே சாப்பிட்டுவிடுங்கள். பழுத்த அவகாடோவை மசித்துப் போடுவோரும் உண்டு. மூன்று மணி நேரத்துக்குள் தீர்ந்தால் சரி, அதற்குமேல் பழுப்பேறிவிடும்.

எந்தப் பழம் போடலாம், எது கூடாது?

விதையில்லாத பச்சை அல்லது கறுப்புத் திராட்சை முதலிடம். கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சை ருசியில் குறைந்ததல்ல, ஆனால் விதையும் உண்டு, வெட்டினால் தோல் ஒரு பக்கம் சதை ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும். இதற்கு அது வேண்டாம். ஆப்பிளில் கெட்டியாக, புளிப்புத் தட்டும் வகை வேண்டும். பச்சை ஆப்பிள் மிகவும் பொருத்தம். மாவு மாவாக இருக்கும் ஆப்பிள் மயோனைஸில் கரைந்தே போகும்.

மாதுளை முத்து நல்லது. உடையாமல் உதிர்த்து, பரிமாறும்போது மேலே தூவுங்கள், கலந்தால் சாலட் ரோஸ் நிறமாகும். மாம்பழம் போட ஆசைப்படுபவர்கள் செங்காயாக, அழுத்தினால் அமுங்காத பதத்தில் எடுங்கள். பேரிக்காயும் ஆகும். ஆரஞ்சு, சாத்துக்குடி, தர்பூசணி மூன்றும் தண்ணீர்ப் பைகள், வேண்டாம். வாழைப்பழம் பற்றியும் கேட்கிறார்கள், கூடாது.

பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி இந்த மூன்றும் தனி ரகம். இவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. அன்னாசியில் புரோமெலைன், பப்பாளியில் பாப்பெயின், கிவியில் ஆக்டினிடின். கறியை மிருதுவாக்கப் பப்பாளிக்காய் அரைத்துப் போடுவது இதனால்தான். சாலட்டில் அதே வேலை நடந்தால் கறியின் மேல்பக்கம் கொழகொழத்து மாவாகும், தயிர் கசக்கும். அன்னாசி சேர்த்தே ஆக வேண்டுமானால் டின்னில் வருவதை எடுங்கள், அதைச் சூடாக்கியிருப்பதால் நொதி செயலிழந்திருக்கும். அல்லது பச்சை அன்னாசியைத் துண்டாக்கி, வாணலியில் கொதிக்கும் பதத்தில் ஐந்து நிமிடம் சுடவைத்து, ஆறவைத்து வடித்துப் போடுங்கள்.

ஆப்பிள் கறுத்துப்போகிறது.

வெட்டிய கையோடு எலுமிச்சைச் சாற்றில் புரட்டுங்கள். அளவில் சொன்ன 1 டேபிள்ஸ்பூன் சாறு முழுவதும் இதற்குத்தான், தனியாக வேறு ஊற்ற வேண்டாம். தோலைச் சீவாதீர்கள், நறுக்கென்று கடிபடுவதே தோலால்தான்.

நட்ஸை வறுக்கத்தான் வேண்டுமா? மறுநாள் சாலட் ஏன் சாம்பல் நிறமாகிறது?

இரண்டுக்கும் விடை வால்நட்டின் தோலில் இருக்கிறது. அந்த மெல்லிய பழுப்புத் தோலில் துவர்ப்பும் கசப்பும் அதிகம். ஈரமான வெள்ளைக் கலவையில் இரவு முழுவதும் கிடந்தால் அதன் சாயம் இறங்கிச் சாலட்டைச் சாம்பலும் ஊதாவுமாகக் காட்டும். கெட்டுப்போகவில்லை, ஆனால் விருந்தாளிக்கு வைக்க மனசு வராது.

ஓவனில் 170 டிகிரியில் 8 நிமிடம், அல்லது கனமான வாணலியில் சின்னத் தீயில் 6 முதல் 7 நிமிடம் கிளறிக்கொண்டே வறுங்கள். வாசனை வந்த உடன் இறக்கிவிடுங்கள், சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் நிறம் ஏறும். வெதுவெதுப்பாக இருக்கும்போது கரடுமுரடான துணியில் போட்டுத் தேய்த்தால் தோல் பாதிக்குமேல் உதிரும். பட்டாணி அளவுக்கு உடைத்து, முழுக்க ஆறியபின், பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு சேருங்கள். அதற்கு முன்னால் சேர்த்தால் வறுத்ததில் பயனில்லை, ஊறிய நிலக்கடலை மாதிரி ஆகிவிடும்.

பாதாமைச் சீவலாக வறுத்துப் போடலாம். முந்திரி தித்திப்பும் மென்மையும் கொண்டது, இந்தச் சாலட்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு குணங்கள். எனவே அது கடைசித் தேர்வு. பீக்கன் கிடைத்தால் வாங்குங்கள், வால்நட் அளவுக்குக் கசப்பு இல்லை. வாங்குமுன் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். பழைய எண்ணெய், பெயின்ட் வாசனை அடித்தால் சிக்குப் பிடித்துவிட்டது, எவ்வளவு வறுத்தாலும் போகாது. மிச்சத்தைக் காற்றுப்புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும்.

செலரி எங்கள் ஊரில் கிடைப்பதில்லை.

நூல்கோல். தோலைத் தடிமனாகச் சீவி, அரை சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் செலரியின் அதே நறுக்கு, வாசனை மட்டும் குறைவு. வெள்ளரிக்காய் என்றால் விதையை ஸ்பூனால் வழித்து, உப்புத் தூவிப் பதினைந்து நிமிடம் வைத்துப் பிழிந்தபின் போடுங்கள்.

வெங்காயம் சேர்க்கலாமா?

சின்ன வெங்காயம் மூன்று, பொடியாக நறுக்கி, குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிழிந்து. அன்றே சாப்பிடுவதானால் மட்டும். மறுநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் வெங்காயம் மட்டுமே மணக்கும்.

எந்த வரிசையில் கலப்பது?

பெரிய கிண்ணத்தில் மயோனைஸ், தயிர், கடுகு விழுது, உப்பு, மிளகு இவற்றை முதலில் அடித்துக்கொள்ளுங்கள். அதில் கறியை மட்டும் போட்டுப் புரட்டி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கறி உப்பை இழுத்துக்கொள்ளும், கலவை சற்று இறுகும். பிறகு செலரி, எலுமிச்சையில் புரட்டிய ஆப்பிள், திராட்சை. கரண்டியால் கிளறாமல், அகப்பையை அடியில் விட்டு மேலே தூக்கிப் போடுவதுபோல் நாலு முறை. வெங்காயத்தாள் சேர்த்து மறுபடி ஒரு மணி நேரம் குளிர. நட்ஸ் கடைசி.

உப்பை அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின் பாருங்கள். குளிர்ந்த பண்டத்தில் உப்பும் புளிப்பும் நாக்குக்கு மட்டாகவே தெரியும். கலக்கும்போது சரியாக இருந்தது குளிர்ந்ததும் சப்பென்று இருப்பது இதனால்தான். பெரும்பாலும் இன்னும் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு டீஸ்பூன் எலுமிச்சையும் கேட்கும்.

கறிப்பொடி போட்டுச் செய்கிறார்களே, அது இதேதானா?

அது கொரோனேஷன் சிக்கன், பிரிட்டிஷ் உறவுக்காரர். 1953இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விருந்துக்காக லண்டனின் கார்டன் ப்ளூ சமையல் பள்ளியில் ரோஸ்மேரி ஹ்யூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் உருவாக்கியது. வெங்காயம், கறிப்பொடி, தக்காளி விழுது, சிவப்பு ஒயின் ஆகியவற்றை வதக்கிச் சுண்டவைத்து வடித்த சாறு, ஆப்ரிகாட் கூழ், மயோனைஸ், கிரீம் இவைதான் அதன் அடிப்படை. இன்று கடைகளில் அந்தப் பெயரில் விற்கும் உலர்திராட்சையும் பாதாமும் போட்ட அடர்மஞ்சள் கலவை பின்னாளில் வந்தது.

வீட்டுக்கு எளிய வழி: மேலே சொன்ன அளவுக்கு 2 டீஸ்பூன் கறிப்பொடியை 1 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் சின்னத் தீயில் அரை நிமிடம் பிரட்டி ஆறவைத்து மயோனைஸில் கலந்து, நாலு உலர் ஆப்ரிகாட்டை வெந்நீரில் ஊறவைத்து அரைத்துச் சேருங்கள். பொடியை அப்படியே தூவினால் பச்சை வாசனையும் மணல் கடிப்பும் நிச்சயம். கறிப்பொடி என்ற பொருளே நம் அஞ்சறைப்பெட்டியில் கிடையாது என்பது வேறு விஷயம். சாம்பார் பொடியை எடுக்காதீர்கள், அதில் பருப்பு இருக்கிறது. மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம் கொஞ்சம், மிளகாய் மிகக் கொஞ்சம், இந்தக் கூட்டு போதும்.

எத்தனை நாள் வைக்கலாம்? ஃப்ரீசரில் போடலாமா?

4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்கும் ஃப்ரிட்ஜில் மூன்று நாள். நாலாம் நாள் கிருமியைவிட முன்னால் பழம் தளர்ந்துவிடும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் பாதி வருடம் அந்த ஒரு மணி நேரக் கணக்குதான் செல்லும். வெளியே கிடந்ததைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்து மீட்க முடியாது. மோப்பம் பிடித்துப் பார்ப்பதும் உதவாது, நோய் தரும் கிருமி வாசனை காட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஃப்ரீசர் வேண்டாம். உறைந்து இளகினால் மயோனைஸ் எண்ணெயாகப் பிரியும், திராட்சை தொளதொளக்கும். வெந்த கறியை மட்டும் உறையவைத்து, முதல் நாள் இரவு கீழ்த்தட்டில் இறக்கி இளகவைத்துக்கொள்ளலாம்.

பள்ளி டிபன் பாக்ஸில்?

ஐஸ் பேக் வைத்த காப்புப்பை இருந்தால் சரி. வெறும் ஸ்டீல் டப்பாவில் காலை எட்டு மணிக்கு அடைத்து மதியம் சாப்பிடுவது ஆபத்து.

சாண்ட்விச் நனைந்துபோகிறது.

பிரெட்டை லேசாக டோஸ்ட் செய்து ஆறவைத்து, உள்பக்கம் ஓரம்வரை வெண்ணெய் தடவுங்கள். வெண்ணெய் ஈரத்தைத் தடுக்கும். அதன்மேல் நன்றாகத் துடைத்த லெட்டூஸ் இலை, அதற்கும் மேல் சாலட். தித்திப்பான மில்க் பிரெட் இதற்குச் சேராது.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாமா?

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். முழுத் திராட்சை மூச்சுக்குழாயை அடைத்துவிடும் அளவு. நட்ஸைப் பொடித்துத்தான் போட வேண்டும், ஒவ்வாமை உண்டா என்றும் தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகள் கடையில் குளிர்பெட்டியில் வைத்து விற்கும் தயார் சிக்கன் சாலட்டைத் தவிர்ப்பது நல்லது, லிஸ்டீரியா கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். பச்சை முட்டை இல்லாத மயோனைஸில் வீட்டில் செய்து அன்றே சாப்பிடலாம்.

ஒரு ஆளுக்கு எத்தனை கலோரி?

முழுக்கொழுப்பு மயோனைஸில் செய்து நாலாகப் பிரித்தால் பங்குக்குச் சுமார் 450. அதில் மயோனைஸ் மட்டும் 170, வால்நட் 80. கறி 145 அளவுக்குத்தான்.

25 பேருக்குச் செய்தால்?

இதுவே முக்கிய உணவு என்றால் பச்சைக் கறி 3 கிலோ, மயோனைஸ் 600 கிராம், தயிர் 300 கிராம் என்று பெருக்கலாம். நாலைந்து பதார்த்தங்களில் ஒன்று என்றால் 2 கிலோ கறி போதும். கறியை ஒரே அண்டாவில் திணிக்காமல் ஒரு தடவைக்கு ஒரு கிலோ வீதம் வேகவையுங்கள், இல்லையெனில் ஓரத்தில் வெந்தும் நடுவில் வேகாமலும் இருக்கும். மயோனைஸ் கலவையில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்து, பரிமாறுமுன் பார்த்துச் சேருங்கள். பாத்திரத்தை ஐஸ் நிரப்பிய பெரிய தாம்பாளத்தில் வைத்து, பாதிப்பாதியாக வெளியே எடுங்கள்.

கறி வெந்த தண்ணீரை என்ன செய்வது?

கொட்டாதீர்கள். வடிகட்டினால் லேசான சிக்கன் ஸ்டாக். உப்பு தூக்கலாக இருக்கும், அதனால் சமஅளவு தண்ணீர் விட்டு, இடித்த மிளகும் சீரகமும் பூண்டும் போட்டுக் கொதிக்கவைத்தால் அன்றைய ராத்திரிக்கு ரசம் ஆயிற்று. ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும்.